மருந்துக்கு அடங்காத கிருமியும் விதைச் சாறும்: ஆய்வுகூட முடிவை எப்படி வாசிப்பது?

முருங்கை விதை, கருஞ்சீரகம், பப்பாளி விதை, அவகாடோ கொட்டை என்று ஏதாவது ஒன்றின் சாறு "அன்டிபயோட்டிக்குக்கும் அடங்காத கிருமியைக் கொன்றது" என்ற செய்தி அடிக்கடி வருகிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கைத்தொலைபேசியில் அதை வாசிப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. இது உண்மைதானா? உண்மையென்றால் ஆஸ்பத்திரியில் ஏன் இதைத் தருவதில்லை? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "ஆம், ஆய்வுகூடத்தில் அப்படித்தான் நடந்தது" என்று பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கிருமி எப்படி மருந்தை வெல்கிறது, விதைச் சாற்றை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அது விளங்கும்.

கிருமி எப்படி மருந்தை வெல்கிறது

பற்றீரியா ஒற்றைக்கல உயிரி. அதைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்துதான் நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது நாம் அன்டிபயோட்டிக் என்று சொல்வது. தடிமன், சளிக்காய்ச்சல் போன்றவை பெரும்பாலும் வைரசால் வருபவை. அவற்றுக்கு இந்த மருந்துகள் பயன்படா.

பென்சிலினை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்தது 1928இல். 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று அவர் எச்சரித்தார். பென்சிலினை வென்ற கிருமிகளுக்காக 1959இல் மெத்திசிலின் வந்தது. அதற்கும் அடங்காத ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமியை 1961இலேயே பிரித்தானியாவில் கண்டார்கள். இன்று மருத்துவமனைகள் அஞ்சும் எம்.ஆர்.எஸ்.ஏ. அதுதான். உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் சாவுக்கு மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்று நேரடிக் காரணமாக இருந்தது.

பற்றீரியா மருந்தை நான்கு வழிகளில் சமாளிக்கிறது.

1. மருந்தை வெட்டிப்போடும் நொதியத்தைச் சுரக்கிறது. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியில் காணப்படும் ஈ.எஸ்.பி.எல். இப்படிப்பட்ட நொதியம். இலங்கை ஆஸ்பத்திரிகளின் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் இந்தப் பெயரைப் பலர் பார்த்திருப்பார்கள்.

2. மருந்து போய் ஒட்டும் இடத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. செய்வது இதைத்தான். கலச்சுவர் கட்டும் புரதத்தின் மாற்றுவடிவம் ஒன்று அதனிடம் உண்டு. பென்சிலின் வகை மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது.

3. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கிறது. கலத்தின் மென்சவ்வில் இதற்கென்றே பம்பிகள் இருக்கின்றன.

4. மருந்து உள்ளே நுழையும் துவாரங்களைக் குறைக்கிறது. கிராம் என்ற சாயச் சோதனையை வைத்துக் கிருமிகளைக் கிராம்-நேர், கிராம்-எதிர் என்று பிரிப்பார்கள்; ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம்-எதிர் வகைக் கிருமிகளுக்கு வெளிப்புறமாக இன்னொரு மென்சவ்வு இருப்பதால் இது அவற்றுக்குச் சுலபம்.

இந்த ஆற்றல்கள் பலவும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்களில் இருக்கின்றன. ஒரு கிருமி அவற்றை இன்னொரு வகைக் கிருமிக்கே கைமாற்றிவிட முடியும். அதனால் அடங்காமை மிக வேகமாகப் பரவுகிறது.

மலையகத்தில் இதற்குத் துணைபோகும் சூழ்நிலைகள் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைப்பது குறைவு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் பாமசியில் இரண்டு நாளைக்கு மட்டும் மாத்திரை வாங்குவது, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை எடுத்துவைத்து அடுத்த முறை பிள்ளைக்குக் கொடுப்பது என்பதெல்லாம் நடக்கின்றன. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாளாகும்; அந்த ஆய்வுகூடம் நகரத்தில் இருக்கிறது. இதை மக்களின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். தூரமும் சம்பளமும்தான் மக்களை இப்படி நடக்க வைக்கின்றன.

ஏன் விதை?

விதை மண்ணில் கிடக்கிறது. ஈரத்தில், பூஞ்சணத்துக்கும் பற்றீரியாவுக்கும் நடுவில், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அழுகாமல் இருந்தால்தான் அது முளைக்கும். ஓடிப்போக முடியாத அந்த உயிர் இரசாயனத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது. விதைகளில் மூன்று வகைப் பொருட்களை ஆய்வாளர்கள் குறிப்பாகத் தேடுகிறார்கள்.

முதலாவது வகை சிறு புரதங்கள். கோதுமை விதையிலிருந்து இப்படிப்பட்ட ஒன்றை 1942இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். முருங்கை விதையிலுள்ள நேர்மின்னேற்றம் கொண்ட புரதம் கலங்கல் நீரில் உள்ள களிமண் துகள்களையும் கிருமிகளையும் திரளச் செய்து அடியில் படிய வைக்கிறது. விதைத்தூளால் தண்ணீரைத் தெளியவைக்கும் பழைய முறை வேலை செய்வது இதனால்தான்.

இரண்டாவது, காரமான கந்தகச் சேர்வைகள். கடுகை முழுதாக மென்றால் உடனே காரம் தெரியாது. நசுக்கி நீர் பட்டதும் ஒரு நொதியம் வேலை செய்து அலைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது; காரமும் கிருமிகொல்லும் குணமும் அதனுடையவை. முதலிலேயே கொதிக்கவைத்தால் நொதியம் செத்துவிடும், காரமும் வராது. பப்பாளி விதையிலும் இதே குடும்பத்துச் சேர்வை ஒன்று உண்டு. ஆகவே "கடுகுச் சாறு" என்று மட்டும் சொன்னால் போதாது. பச்சையாக நசுக்கியதா, அவித்ததா என்பதைப் பொறுத்து அது இரண்டு வேறு பொருள்களாகிவிடும்.

மூன்றாவது, எண்ணெய்ப் பொருட்களும் சப்போனின்களும். கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோன் எண்ணெயில் கரைவது. சப்போனின் நீரில் நுரைப்பது. அதைப் பற்றிப் பின்னால் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதனை நடக்கும் விதம்

ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இந்த வேலை ஏறத்தாழ இந்த ஒழுங்கில் நடக்கும்.

1. தாவரத்தை அடையாளம் காணுதல். மாதிரி ஒன்றை உலர்த்தி, பேராதனையிலுள்ள தேசிய தாவரக் காப்பகம் போன்ற இடத்தில் ஒப்பிட்டு உறுதி செய்கிறார்கள். ஊர்ப்பெயரை மட்டும் நம்ப முடியாது. ஒரே பெயரில் இரண்டு செடிகள் இருப்பது நம் மலைகளில் சாதாரணம்.

2. விதையை உலர்த்தி, தூளாக்கி, கரைப்பானில் ஊறவைத்தல். நீர், எதனோல், மெதனோல், ஹெக்சேன் என்று கரைப்பான் மாறும்போது வெளியே வரும் பொருளும் மாறும். ஹெக்சேன் எண்ணெயை இழுக்கும்; நீர் புரதத்தையும் சீனியையும் இழுக்கும். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைத் தேடிய சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவுக்குச் சூடான பிரித்தெடுப்புக் கைகொடுக்கவில்லை. குறைந்த வெப்பத்தில் ஈதரைப் பயன்படுத்திய பிறகே சாறு உறுதியாக வேலை செய்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

3. கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சும் பிசினை நிறுத்து, குறித்த செறிவில் மறுபடி கரைத்தல்.

4. வட்டத்தட்டுச் சோதனை. பெட்ரிக் கிண்ணத்தில் 4 மில்லிமீற்றர் கனத்துக்கு முல்லர்-ஹின்டன் ஏகார் என்ற ஊடகத்தை ஊற்றி உறையவிடுவார்கள். ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 15 கோடி கிருமி இருக்கும்படி கலக்கிய நீர்மத்தை அதன்மேல் பஞ்சால் பூசி, சாறு ஊறிய 6 மில்லிமீற்றர் கடதாசி வட்டுகளை வைப்பார்கள். 35 பாகை செல்சியஸில் 16 முதல் 18 மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், கிருமி வளராத இடம் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையமாகத் தெரியும். அதுவே தடை வலயம். செய்திகளில் வரும் படம் பெரும்பாலும் இதுதான்.

5. குறைந்தபட்சத் தடைச் செறிவைக் காணுதல். 96 குழிகள் கொண்ட தட்டில் சாற்றைப் பாதி பாதியாக ஐதாக்கிக்கொண்டே போய், கிருமி வளராத மிகக் குறைந்த செறிவைக் குறிப்பார்கள். இதை எம்.ஐ.சி. என்பார்கள்.

6. அந்தச் செறிவில் கிருமி செத்ததா, தூங்கியதா என்று பார்த்தல். குழியிலிருந்து துளி எடுத்துப் புதிய ஊடகத்தில் இட்டு, ஆயிரத்தில் 999 கிருமியாவது செத்திருந்தால்தான் "கொன்றது" என்று எழுதலாம். வெறும் தடை வலயத்தைப் பார்த்துக் "கொன்றது" என்று எழுதும் தலைப்புகள் இந்தப் படியைத் தாண்டிப் போகின்றன.

இவை எல்லாவற்றோடும் கட்டுப்பாட்டு மாதிரிகள் இருந்தாக வேண்டும். கரைப்பான் மட்டும் ஊறிய வட்டு ஒன்று, அறிந்த மருந்து வட்டு ஒன்று, குணம் ஏற்கெனவே பதிவான நியமக் கிருமி ஒன்று. கரைப்பான் வட்டைச் சுற்றியும் வலயம் இருந்தால் சாற்றின் வலயத்துக்கு அர்த்தம் இல்லை.

வலயத்தின் அளவு ஏன் ஏமாற்றும்

"சாற்றுக்கு 18 மில்லிமீற்றர், சிப்ரோஃபுளொக்சசினுக்கு 20 மில்லிமீற்றர், ஆகவே சாறு மருந்துக்கு நிகர்." இப்படி எழுதப்பட்ட வாக்கியத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். சிப்ரோஃபுளொக்சசின் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம் மருந்து. சாற்று வட்டில் மில்லிகிராம் கணக்கில் பொருள் ஏற்றுவது வழக்கம். 5 மில்லிகிராம் ஏற்றியிருந்தால் அது ஆயிரம் மடங்கு. ஆயிரம் மடங்கு கொடுத்தும் சற்றுச் சிறிய வலயம்தான் வந்தது என்பதே அந்த முடிவின் உண்மையான வாசிப்பு.

வலயத்தின் அளவு பொருளின் வலிமையை மட்டும் காட்டுவதில்லை; அது ஏகாரில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. வன்கோமைசின் பெரிய மூலக்கூறு, மெதுவாகத்தான் பரவும். அதனால் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் அதற்கு அடங்குமா என்பதை வட்டு வைத்து நம்பகமாகச் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களே அந்த மருந்துக்கு எம்.ஐ.சி. பார்க்கின்றன. எண்ணெய்த் தன்மையுள்ள விதைச் சாறும் ஏகாரில் நன்றாகப் பரவாது. ஆகவே வலயம் வராததாலேயே ஒரு விதையைக் கழித்துவிடவும் கூடாது.

எம்.ஐ.சி. சோதனையிலும் பொறி உண்டு. உயிருள்ள கிருமி இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசாசுரின் என்ற சாயத்தைப் பயன்படுத்துவார்கள். சில தாவரச் சாறுகள், கிருமியே இல்லாவிட்டாலும், அந்தச் சாயத்தைத் தாமே நிறம் மாற்றும். சாறும் சாயமும் மட்டும் உள்ள குழியை வைத்துப் பார்க்காத ஆய்வில் நிறத்தை நம்ப இடமில்லை.

"அடங்காத கிருமியையும்" என்ற சொல்லில் உள்ள மயக்கம்

தலைப்பில் ஆளை இழுக்கும் சொல் இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எம்.ஆர்.எஸ்.ஏ. மெத்திசிலின் குடும்பத்துக்கு அடங்காது. ஆனால் வினாகிரி, குளோரின் கரைசல், மதுசாரம் எல்லாவற்றுக்கும் அது சாதாரண ஸ்டஃபிலோகொக்கஸ் போலவே சாகும். அதனிடம் இருப்பது ஒரு குறிப்பிட்ட மருந்துக் குடும்பத்தைச் சமாளிக்கும் ஆயுதம் மட்டும். வேறு வழியில் தாக்கும் எந்தப் பொருளுக்கும் அந்த ஆயுதம் எதிர்நிற்காது. ஆகவே ஒரு விதைச் சாறு சாதாரணக் கிருமியையும் அடங்காத கிருமியையும் ஒரே அளவில் தடுத்தது என்றால் அதில் வியப்பில்லை. மென்சவ்வைக் கிழிக்கும் எந்தப் பொருளும் அப்படித்தான் செய்யும்.

அடங்காத கிருமி பயங்கரமாக இருப்பது அதைக் கொல்லவே முடியாததால் என்று நினைத்துவிடக் கூடாது. நோயாளிக்குக் கேடில்லாமல் அதைக் கொல்லும் மருந்துகள் தீர்ந்துபோகின்றன, கவலை அதுதான். ஆகவே சாறு கிருமியை என்ன செய்தது என்ற கேள்வியோடு, மனிதக் கலத்தை என்ன செய்தது என்ற கேள்வியும் வந்தாக வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத ஆய்வு முதல் படியிலேயே நிற்கிறது.

ஒரு கணக்கு

ஓர் ஆய்வில் எம்.ஐ.சி. ஒரு மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் என்று வந்தது என வைத்துக்கொள்வோம். விதைச் சாற்று ஆய்வுகளில் இப்படிப்பட்ட எண் அபூர்வமில்லை.

பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. அந்த இரத்தத்தில் மட்டும் இந்தச் செறிவு வர 25 கிராம் உலர்ந்த சாறு முழுதாக உள்ளே சேர வேண்டும். குடல் அதை ஒரு துளி விடாமல் உறிஞ்ச வேண்டும், ஈரல் சிதைக்கக் கூடாது, சிறுநீரகம் கழிக்கக் கூடாது, தசைக்கோ கொழுப்புக்கோ போகக் கூடாது. 100 கிராம் விதையில் 10 கிராம் சாறு கிடைக்கும் என்றால் ஒரே நேரத்தில் கால் கிலோ விதை. நடைமுறையில் அதன் பல மடங்கு வேண்டும். நடக்கக்கூடிய காரியம் இல்லை.

இதோடு ஒப்பிட: 500 மில்லிகிராம் சிப்ரோஃபுளொக்சசின் மாத்திரை ஒன்றை விழுங்கினால் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் வரை ஏறும். மருந்துக்கு அடங்கும் ஈ.கோலையைத் தடுக்க 0.25 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ போதும். மேலே சொன்ன சாறு அதைவிட 20,000 மடங்கு வேண்டியது.

இதனால்தான் இத்துறையில் ஒரு பொது அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முழுச் சாறு என்றால் மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் கவனிக்கத்தக்கது. 1,000 மைக்ரோகிராமுக்கு மேலே என்றால் அதைத் தொடர்வதில் பயன் குறைவு. பிரித்தெடுத்த தனிச் சேர்வை என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். செய்தியில் இந்த எண் இல்லாவிட்டால், செய்தியின் பாதி இல்லை.

தேயிலைக் கொட்டை தரும் பாடம்

நம் மலைகளில் பழைய விதைத் தேயிலை இன்னும் பல தோட்டங்களில் நிற்கிறது. கவ்வாத்து வெட்டாமல் விட்ட செடியில் பழுப்புநிறக் கொட்டைகள் காய்த்து விழும். அந்தக் கொட்டையில் சப்போனின் நிறைய உண்டு. அதன் சாறு ஆய்வுகூடத்தில் கிருமிகளுக்கும் பூஞ்சணத்துக்கும் எதிராக வேலை செய்வதாகப் பதிவுகள் இருக்கின்றன. விலையில்லாமல் விழுந்து கிடக்கும் பொருள், அடங்காத கிருமிக்கு மருந்து என்றால் யாருக்கும் ஆசை வரும்.

சப்போனின் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஆசை அடங்கும். சவர்க்காரம் போல அது மென்சவ்வுகளைக் குலைக்கிறது. மனிதனின் செங்குருதிக் கலத்துக்கும் மென்சவ்வு உண்டு. சப்போனின் நேராக இரத்தத்தில் கலந்தால் அந்தக் கலங்கள் உடையும். எண்ணெய் பிழிந்த தேயிலைக் கொட்டைப் பிண்ணாக்கை, இறால் வளர்க்கும் குளங்களில் வேண்டாத மீன்களைக் கொல்லவே போடுகிறார்கள். மீனின் பூ வழியாகச் சப்போனின் இரத்தத்துக்குள் போய்விடுகிறது. ஓடுள்ள இறால் தப்பிவிடுகிறது.

ஆகவே ஒழுங்கான ஆய்வில் செங்குருதிக் கலச் சோதனையும், மனிதக் கல வளர்ப்பில் நச்சுச் சோதனையும் இருக்கும். மனிதக் கலத்தைக் கெடுக்கும் செறிவு, கிருமியைத் தடுக்கும் செறிவைவிடக் குறைந்தது பத்து மடங்காவது தள்ளி இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். இயற்கைப் பொருள் என்பதால் கேடில்லை என்ற எண்ணம் விதை விஷயத்தில் மிகவும் ஆபத்தானது. ஆமணக்கு, ஊமத்தை, அலரி ஆகியவற்றின் விதைகளும் இயற்கைதான். கண்டி, மாத்தளைப் பக்கம் விளையும் சாதிக்காய்கூட சமையல் அளவைத் தாண்டினால் மயக்கமும் மனக்குழப்பமும் தரும்.

சாற்றில் இருந்தது விதையா, வேறொன்றா?

கிரேப்ஃபுரூட் எனப்படும் பெரிய எலுமிச்சை இனப் பழத்தின் விதைச் சாறு, இயற்கைக் கிருமிநாசினி என்று உலகெங்கும் விற்கப்பட்டது. 1999இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் கடையில் கிடைத்த ஆறு சாறுகளைச் சோதித்தார்கள். ஐந்து சாறுகள் கிருமியைக் கொன்றன. அந்த ஐந்திலும் பென்செதோனியம் குளோரைட் என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. ஆறாவதில் அது இல்லை, அதற்குக் கிருமிகொல்லும் குணமும் இல்லை. ஆய்வாளர்கள் தாமே பழத்திலிருந்து எடுத்த சாறும் வேலை செய்யவில்லை. 2001இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இரசாயனவியலாளர்களும் கடைச் சாறுகளில் அதே பொருளைக் கண்டார்கள். ஒரு புட்டியில் "விதைச் சாறு" என்று ஒட்டியிருப்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கலப்படம் இல்லாவிட்டாலும் அளவு நிலையாக இருப்பதில்லை. இதை மலையகம் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. மலேரியாவுக்குக் குயினைன் தரும் சிங்கோனா மரத்தை வளர்க்கவே 1861இல் ஹக்கல பூங்கா தொடங்கப்பட்டது. கோப்பி நோயில் அழிந்த பிறகு தோட்டங்கள் சிங்கோனாவுக்குத் தாவின. ஆனால் சார்ல்ஸ் லெட்ஜர் என்ற பிரித்தானிய வணிகர் விற்ற விதையிலிருந்து ஜாவாவில் வளர்ந்த மரங்களின் பட்டையில் குயினைன் பல மடங்கு இருந்தது. விலை வீழ்ந்தது, இங்கே மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். பெயரில் அதுவும் சிங்கோனா, இதுவும் சிங்கோனா. விதை, மண், உயரம், அறுவடைக் காலம் ஆகிய எல்லாம் உள்ளே இருக்கும் மருந்தின் அளவை மாற்றும்.

கரை சேர்ந்த விதை: நீரடிமுத்து

இவ்வளவையும் வாசித்துவிட்டு விதையிலிருந்து மருந்தே வராது என்று நினைப்பது தவறு. நீரடிமுத்து சித்த வைத்தியத்தில் குட்டநோய்க்குக் கையாண்ட பழைய விதை. குட்டநோயும் ஒரு பற்றீரியாவால் வருவதுதான். அந்த எண்ணெயைக் குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டிக்கொண்டு வலிக்கும். ஹவாயில் அலிஸ் போல் என்ற இளம் கறுப்பின இரசாயனவியலாளர் 1915, 1916 காலத்தில் அதன் கொழுப்பமிலங்களை எத்தில் எஸ்தராக மாற்றி, உடல் உறிஞ்சும் ஊசிமருந்தாக்கினார். 24 வயதிலேயே அவர் இறந்துபோனார். அவருடைய வேலையை வேறொருவர் தன் பெயரில் வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்தே அவருக்கு உரிய பெயர் கிடைத்தது. 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை குட்டநோயாளருக்கு இருந்த முக்கிய மருந்து அதுதான்.

இந்த விதையின் குணத்தைப் பரம்பரை வைத்தியம் சொன்னது. உடலுக்குள் செல்லும் வடிவத்தை இரசாயனம் தந்தது. இரண்டும் சேர்ந்த பிறகும் அது நடுத்தரமான மருந்தாகவே இருந்தது. மேலானது வந்ததும் விலகியது.

நீரடிமுத்து எண்ணெயில் சிறிதளவு இருப்பதாக முன்பே அறியப்பட்ட ஒரு சேர்வை 2000ஆம் ஆண்டில் வேறொரு செடியில் மறுபடி கண்ணில் பட்டது. அந்தச் செடி பெர்பெரின் என்ற கிருமிகொல்லியையும் உண்டாக்குகிறது. நம் வீடுகளில் அவித்துக் குடிக்கும் மரமஞ்சளில், வெனிவெல்லில், இருப்பதும் பெர்பெரின்தான். தனியாக விட்டால் ஸ்டஃபிலோகொக்கஸ் தன் பம்பியால் பெர்பெரினை வெளியே இறைத்துவிடும். முதலில் சொன்ன, நீரடிமுத்திலும் உள்ள சேர்வை அந்தப் பம்பியை அடைக்கிறது. அதற்குத் தனியே கிருமிகொல்லும் குணமில்லை. பெர்பெரினோடு சேரும்போது பெர்பெரின் பலமடைகிறது. விதைச் சாறுகளில் தேட வேண்டிய மிக நம்பிக்கையான பொருள் இப்படிப்பட்ட துணைச் சேர்வையே என்று நான் கருதுகிறேன். தானாகக் கொல்லாவிட்டாலும், தோற்றுப்போன பழைய மருந்தை மீண்டும் வேலை செய்ய வைத்தால் போதும். வட்டத்தட்டை மட்டும் பார்க்கும் ஆய்வு இதைக் கண்டுபிடிக்காது. சாற்றையும் மருந்தையும் பல விகிதங்களில் சேர்த்துப் பார்க்கும் சோதனை வேண்டும்.

செய்தி வந்தால் கேட்க வேண்டியவை

1. எம்.ஐ.சி. எண் என்ன? மைக்ரோகிராமா, மில்லிகிராமா?

2. மனிதக் கலத்தில் சோதித்தார்களா? விலங்கில்? மனிதரில்?

3. கரைப்பான் கட்டுப்பாடு இருந்ததா?

4. எந்தக் கிருமி? ஸ்டஃபிலோகொக்கஸ் போன்ற கிராம்-நேர் வகையைத் தடுப்பது சுலபம். வெளி மென்சவ்வுள்ள ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் கடினம். செய்தி முதலாவதைப் பற்றியதாக இருந்தால் இரண்டாவதற்கு அதை நீட்டிப் பேசக் கூடாது.

5. யாராவது ஏற்கெனவே புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிவிட்டார்களா?

சிறுநீர் எரிவு, சலக் காய்ச்சல், ஆறாத புண் என்று வந்தவர், ஆய்வில் வென்ற விதை என்று அரைத்துக் குடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. இரத்தத்தில் கிருமி ஏறினால் மணித்தியாலக் கணக்கில்தான் அவகாசம். டொக்டரிடம் கேட்கத்தக்க கேள்வி வேறு: "அன்டிபயோட்டிக் தொடங்குமுன் சிறுநீரை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?"

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் விஞ்ஞானப் போட்டிக்காக இந்தச் சோதனையைச் செய்ய ஆசைப்படுவதுண்டு. அந்த ஆசையை வளர்க்க வேண்டும். ஆனால் அடங்காத கிருமியைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வளர்க்கக் கூடாது. கைகழுவாத ஒரு பிள்ளை அதை லயத்துக்குக் கொண்டுபோய்விடும். பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பான ஆய்வுகூடத்தோடு சேர்ந்து செய்வதே வழி. பாடசாலையில் பாணில் பிடிக்கும் பூஞ்சணத்தை வைத்தே முறைகளைக் கற்கலாம்.

மலையகத்துக்கு எது பொருந்தும்

மேலே போட்ட கணக்கு விழுங்கும் மருந்துக்கானது. தோலின் மேல் பூசும்போது கணக்கு மாறும். மில்லிலீற்றருக்குப் பல மில்லிகிராம் செறிவை இரத்தத்தில் எட்ட முடியாது. களிம்பில் எளிதாக எட்டலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் முதன்முதலாக மருந்தாக ஏற்ற தாவரச் சாறு பச்சைத் தேயிலையிலிருந்து எடுத்தது. அது வைரசால் வரும் ஒரு வகைப் பாலுண்ணிக்குப் பூசும் களிம்பு. இலையிலிருந்து வந்தது, பற்றீரியாவுக்கானதும் இல்லை. ஆனாலும் சாற்றை நிலையான அளவில் தயாரித்து, மனிதரில் ஒழுங்காகச் சோதித்தால் எதுவரை போகலாம் என்பதைத் தேயிலையே காட்டியிருக்கிறது.

ஆகவே மலையகத்தில் இந்த ஆய்வைச் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் தோலின் மேற்பரப்பு. கொழுந்து பறிப்பவர்களின் கால் வெடிப்பு, சொறிந்து புண்ணாகும் அட்டைக்கடி போன்றவற்றுக்கான களிம்புகள் ஒரு வழி. இன்னொன்று மாடு. நுவரெலியா மாவட்டத்தில் பல தோட்டக் குடும்பங்களுக்குப் பால்மாடு இரண்டாவது வருமானம். மடிநோய் வந்தால் மாட்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த நாட்களின் பாலை விற்கவும் கூடாது. மடிநோயை உண்டாக்கும் கிருமிகளில் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸும் ஈ.கோலையும் அடக்கம். பால் கறந்த பின் காம்பை நனைக்கும் கிருமிநாசினிக் கரைசலால் பல தொற்றுகளைத் தடுக்கலாம். அந்தக் கரைசலில் விதைச் சாறு ஒன்று அயடினுக்கு இணையாக வேலை செய்கிறதா, காம்பின் தோலைப் புண்ணாக்குகிறதா, பாலில் கலக்கிறதா என்பவை நம் மலைகளிலேயே, நம் மாடுகளிலேயே, பேராதனையின் மிருக வைத்திய பீடம் போன்ற இடங்களின் துணையோடு விடை காணக்கூடிய கேள்விகள். மாட்டுக்கு ஏற்றும் மருந்து குறைந்தால், மருந்துக்கு அடங்காத கிருமி மாட்டுத் தொழுவத்தில் உருவாகி வீட்டுக்குள் வரும் வழியும் குறுகும்.